தத்துவப் பாடத்தை விட்ட அன்று

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போட்டால் ஆட்கள் சிரிப்பார்களாம், அதனால் வசனங்களைக் கொஞ்சம் தேய்த்து மடித்து எழுதுகிறாள். தேய்க்கட்டும். ஆனால் ஆட்கள் கதைத்ததில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

பேத்தி நேர்ஸுக்குப் படிக்கிறாள். இதை ஒரு தடவை சொன்னால் எனக்குப் போதாது. கோயிலில் சொன்னேன். மரக்கறிக் கடையில் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சீனத்து அம்மாவுக்கு மொழி தெரியாமல், கையில் ஊசி போடுவதுபோல் காட்டிச் சொன்னேன். அந்த மனுஷி எனக்குத்தான் ஏதோ வருத்தம், சுகமில்லை என்று நினைத்து என் முதுகைத் தடவிவிட்டது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, யூனிவேர்சிற்றிக்குப் போக முதல் இங்கே ஒரு கொலிஜ் இருக்கிறது. அங்கேதான் படிக்கிறாள். போன வருஷம் கணக்கு வழக்கு என்று ஏதோ தொடங்கி, பிடிக்காமல் இதற்கு மாறினாள். மாறினது நல்லது. எங்கள் வீட்டில் கணக்குப் பார்க்கிற ஆள் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். அவளுடைய தகப்பன், என் மகன்.

அவன் துறைமுகத்தில் கொன்ரெயினர் லொறி ஓடுகிறான். இந்த நாட்டுக்கு வட்டிக் காசில் வந்தவன். ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய அந்தக் காசு, மாதா மாதம் வட்டி போயும் முதல் அசையாமல் அப்படியே கிடந்தது. ரெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவிக் கழுவி, விரலெல்லாம் வெளுத்துப்போய்த்தான் அதைக் கட்டி முடித்தான். இப்போதும் வட்டி என்ற சொல் காதில் விழுந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவான்.

அப்படிப்பட்டவனிடம், படிப்புக்கு அரசாங்கம் காசு தருகிறது, அதில் ஒரு பகுதி கடன் என்று பேத்தி சொன்னால் அவன் காதில் எது விழும்? கடன் மட்டும்தான் விழுந்தது.

"வங்கியில வந்து கிடக்கட்டும். ஒரு சதமும் தொடக்கூடாது. அப்பிடியே திருப்பிக் குடுப்பம்" என்றான்.

எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. கடன் காசைத் தொடாமல் வைத்திருந்தால் அது கடன் இல்லை என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். காசு வங்கியில் சும்மா கிடந்தது. பேத்தி பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் நேர்ஸ் படிக்கிற பிள்ளைகள் போடும் நீலச் சட்டைக்கும் லாசால் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் காசு வாங்கும் இடத்தில் நின்று உழைத்தாள். "பொறுப்பான பிள்ளை" என்று கோயிலில் எல்லாரும் சொன்னார்கள். பொறுப்பான பிள்ளை கறிக்குள் கையை வைத்தபடியே தூங்கினாள். மனுஷருக்குள்ளே எத்தனை எலும்பு என்று பாடமாக்கிக்கொண்டே தூங்குவாள்.

மாசி மாதக் குளிரில் ஒரு நாள் என்னைக் காது கழுவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பிரெஞ்சில் கேட்பார்கள், நான் எல்லாவற்றுக்கும் 'மெர்சி' சொல்லுவேன், அதனால் துணைக்கு வருவாள். கழுவி முடிய உலகமே சத்தமாகிவிட்டது. சப்பாத்துக்குக் கீழே பனி நொறுங்குவதெல்லாம் கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். மெற்றோவில் ஏறி இருந்ததும் பேத்தி சொன்னாள்:

"அப்பம்மா, கொலிஜுக்கு ஒருக்காப் போட்டுப் போவமா? அப்பா அந்தக் காசைத் திருப்பிக் குடுக்கச் சொன்னவர். இனி வச்சிருந்தா வட்டி ஏறுமாம்."

"போவம், போவம். நானும் உன்ர கொலிஜைப் பாக்கத்தானே வேணும்."

"வேற ஒண்டும் இருக்கு. அப்பாட்டைச் சொல்லாதேங்கோ. ஒரு பாடம் விட்டிட்டன். காலமை போனில கொலிஜ் பக்கத்தைத் திறந்து அமத்தினது. கடையில இன்னொரு நாளும் வேலை தாறாங்களாம்."

"என்ன பாடம்?"

"ஃபிலோ. தத்துவம்."

"ஊசி போடேக்க தத்துவமோ கேக்கப் போயினம்? விடு பிள்ளை" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மெற்றோவில் எதிரே இருந்தவரும் சும்மா சிரித்தார்.

கொலிஜ் பெரிய கட்டடம். நீலம், பச்சை, ஊதா என்று தலைமயிருக்கு நிறம் பூசின பிள்ளைகள். ஒரு பிள்ளை எனக்குக் கதவைத் திறந்து பிடித்தது. காசு உதவி பார்க்கிற அறையில் ஹெயிற்றி நாட்டுப் பெண்மணி ஒருவர் இருந்தார். காதில் பெரிய வளையம், மேசையில் ஒரு கிண்ணம் இனிப்பு. என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை இழுத்துத் தந்தார். அதிலேயே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

பேத்தி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அவர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார்.

"என்னவாம்?"

"நான் காசைத் திருப்பிக் குடுக்க வந்தது அவவுக்கு விளங்கேல்லை. எல்லாரும் இன்னும் தா எண்டுதான் வாறவையாம்."

பிறகு அந்த மனுஷி கிண்ணத்திலிருந்து இனிப்பை அள்ளி மேசையில் இரண்டு குவியலாக வைத்தார். என்னைப் பார்த்தே சொன்னார், பேத்தி தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள்.

"இந்தப் பக்கம் கடன். படிச்சு முடிச்சுக் கொஞ்ச மாசத்தால கட்டத் தொடங்கவேணும். மற்றப் பக்கம் பூர்ஸ். அது... எப்பிடிச் சொல்லுறது... சும்மா தாறது. திருப்பிக் கேக்காது."

"ஆர் பிள்ளை சும்மா தாறது?"

"கவுண்மேந்து."

"அப்ப இந்தக் கடனுக்கு வட்டி?"

பேத்தி கேட்டுச் சொன்னாள். முழுநேரம் படிக்கும்வரை வட்டியை அரசாங்கமே கட்டுகிறதாம். நான் நம்பவில்லை. "இன்னொருக்காக் கேள்" என்றேன். கேட்டாள். அதே பதில்தான். மகன் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் போன நாட்களெல்லாம் நினைவுக்கு வந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சும்மா தாற குவியலில் ஓர் இனிப்பை எடுத்து வாயில் போட்டேன். அந்த மனுஷி கைதட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நிற்க முதலே பேத்தி ஏதோ சொன்னாள். ஃபிலோ என்கிற அந்தச் சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. மனுஷியின் முகம் மாறிவிட்டது. கம்பியூட்டரைத் திருப்பி, பேத்தியின் பாடங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். மொழி தெரியாவிட்டாலும் முகம் தெரியுமே.

"என்ன? என்ன சொல்லுறா?"

பேத்தியின் உதடு வெளுத்துப்போயிருந்தது. "அப்பம்மா, எனக்கு இந்தத் தரம் நாலு பாடம்தான். மற்றதெல்லாம் போன வருஷமே முடிச்சது. நாலிலை ஒண்டை விட்டா நான் முழுநேரம் இல்லையாம். பூர்ஸ் நிக்கும். தந்ததையும் திருப்பிக் கேப்பினம். இப்ப சும்மா படிக்கிற பாடத்துக்கும் காசு கட்டவேணும். வட்டி..."

"வட்டி?"

"பேந்து அது எங்கட தலையில."

வட்டிக்குப் பயந்துதான் பிள்ளை பாடத்தை விட்டாள். விட்டதால்தான் வட்டி வரப்போகிறது. நான் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பாடத்தைத் திரும்ப எடுக்க அன்றைக்குத்தான் கடைசி நாள். மேலே ஒரு கந்தோரில் போய்க் கேட்க வேண்டும், அதுவும் பூட்டப் போகிற நேரம். "நீங்கள் இருங்கோ" என்று பேத்தி ஓடினாள். ஓடிய வேகத்தில் கழுத்துத் துண்டு விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அந்த மனுஷி என்னிடம் பிரெஞ்சில் கதைத்தார். நான் தமிழில் கதைத்தேன். "நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, வீட்டிலை ஒருத்தருக்கும் உது விளங்கேல்லை" என்றேன். அவர் தலையாட்டினார். தன் போனில் ஒரு படம் காட்டினார், அவருடைய தாயாக இருக்கவேண்டும். நானும் தலையாட்டினேன். ஆனால் என் கண் கதவில்தான்.

மகனுக்கு அடித்தேன். போனில் அவனுடைய படத்தை அமத்தினால் போதும், மருமகள் அப்படிச் செய்து தந்திருக்கிறாள். துறைமுகத்தில் வரிசையில் நின்றான், பின்னால் லொறிகள் ஹோர்ன் அடிப்பது கேட்டது.

"என்னம்மா, காது சரியோ?"

"காதை விடு தம்பி. பிள்ளை பாடத்தை விட்டிட்டாள். வேலை செய்யிறதுக்காக."

நான் எல்லாவற்றையும் தாறுமாறாகச் சொன்னேன். படிக்கும்வரை வட்டியை அரசாங்கம் கட்டுகிறது என்றதும் கேட்டான்:

"ஆர் சொன்னது?"

"இஞ்சை ஒரு மனுஷி."

"என்னையும் ஒரு ஏஜென்சி மனுஷன் அப்பிடித்தான் அம்மா சொல்லி ஏத்திவிட்டவன்."

அந்த நேரம் பேத்தி மூச்சு வாங்க வந்து நின்றாள். அவளுடைய பழைய வகுப்பில் இடம் நிரம்பிவிட்டதாம். வேறு ஒரு வகுப்பு இருக்கிறது, ஆனால் அது கடை வேலை நேரத்தில் வருகிறது. அதை எடுத்தால் வேலையை விடவேண்டும். வேலையை விட்டால் அந்தத் தொடாத காசைத் தொடவேண்டும். மேலே ஒரு ஐயா கதவைப் பூட்டாமல் இவளுக்காக நிற்கிறாராம்.

போனை அவளிடம் நீட்டினேன். அப்பாவிடம் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா, நான் கேக்கேல்லை, சொல்லுறன். வேலையை விடப்போறன். அந்தக் காசிலைதான் படிக்கப்போறன். கடன் என்ர பேரிலை. நேர்ஸ் ஆகிக் கட்டுவன்."

காது கழுவியிருந்ததால் அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கும் கேட்டது. என் மகன் கோபப்படுவான் என்று பயந்தேன். அதைவிட, அழுவான் என்று பயந்தேன்.

"படிப்பு முடியுமட்டும் வட்டி இல்லையெண்டு வடிவாக் கேட்டனியோ?"

"ஓம் அப்பா."

"அவவிட்டை இன்னொருக்காக் கேள். என்ர முன்னாலை கேள்."

பேத்தி போனைச் சத்தமாக வைத்து மேசையில் வைத்தாள். அந்த மனுஷி போனுக்குக் குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரெஞ்சில் சொன்னார். லொறி ஓட்டிப் பழகிய பிரெஞ்சில் மகன் ஒன்று கேட்டான். அவர் பதில் சொன்னார். பிறகு மகன் தமிழில் சொன்னான்:

"ஓடு பிள்ளை. அந்தாள் பூட்டப்போறார்."

ஓடினாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக் கடையில் இறங்கினோம். வேலையை விடுவதை முகத்துக்கு நேரே சொல்லத்தான் வேண்டும் என்றாள். நான் வெளியில் பனிக்குள் நின்றேன். கண்ணாடிக்குள்ளால் முதலாளியின் வாய் அசைவது தெரிந்தது, பேத்தி தலை குனிந்து நிற்பது தெரிந்தது. ஏசுகிறானோ, கடைசிச் சம்பளத்தைத் தராமல் விடுவானோ என்று எனக்குள்ளே ஓடியது. கடைசியில் வெளியில் வந்தாள். மூக்குச் சிவந்திருந்தது, குளிரிலா அழுகையிலா தெரியவில்லை.

"என்ன சொன்னவன்?"

"லீவுக்குத் திரும்ப வரட்டாம். கோடைக்கு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய் திறந்து சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"கோடையிலை உழைச்சா கவுண்மேந்து தாற காசு குறையுமோ? அவவிட்டைக் கேட்டனியோ?"

"ஐயோ அப்பம்மா."

"கேட்டனியோ, இல்லையோ?"

"நாளைக்குக் கேக்கிறன்."

"நானும் வாறன்" என்றேன். நாளைக்கு என்ன, இப்போதே திரும்பி மெற்றோ ஏறலாம் போலிருந்தது. அவள் என் கையைப் பிடித்து வீட்டுப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.