மில் வீட்டுக்குப் போன குட்டி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். என் வீட்டுக்காரருக்குக் கொரட்டூர் ரயில் நிலையத்தில் வேலை. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை தன் பெட்டை நாயை அவரிடம் விட்டுப் போனார். காது தொங்கும் சடை நாய். அது குட்டி போட்டதும் விலைக்குக் கேட்டுப் பலர் வந்தார்கள். கொடுக்கும்போது நான் ஒரு வாக்கு வாங்கிக்கொள்வேன். அவ்வப்போது வந்து பார்க்க விடவேண்டும். வளர்க்க முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தரவேண்டும்.

"இன்னாம்மா, பொண்ணையா கட்டிக் குடுக்குற?" என்று சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும் என்று போய்ப் பார்ப்பேன். அம்பத்தூரில் ஒன்று, ஆவடியில் ஒன்று. அயனம்பாக்கத்துக் குட்டிக்குச் சொறி பிடித்திருந்தபோது நாலு நாள் நடந்துபோய் வேப்பெண்ணெய் தடவிவிட்டு வந்தேன்.

பூந்தமல்லியில் கொல்லையை ஒட்டியே அரிசி மில் வைத்திருந்த வீட்டுக்கும் ஒரு பெட்டைக் குட்டி போயிற்று. அவர்கள் நிலத்தில்தான் என் அப்பா கூலிக்கு உழுதவர். முதல் தடவை போனபோது குட்டி முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மாதம் கழித்துப் போனபோது வீட்டம்மா வாசலை விட்டு நகரவில்லை.

"பின்னால தூங்கினு கீது. நல்லாத்தான் கீது. நீ போ."

அப்போதே கொல்லைப்பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. குரைப்பு இல்லை. ஈனக்குரலில் ஒரு முனகல்.

"ஒரு தபா பாத்துட்டுப் போயிடறேன்மா" என்றேன்.

"அதான் சொல்றேனே. எங்க ஊட்ல சோத்துக்கா பஞ்சம்?"

அப்பா அந்த வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். திரும்பிவிட்டேன். அது வேறு ஏதோ நாய் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, மில்லிலிருந்து உமி ஏற்றிவரும் வண்டிக்காரர் எங்கள் வாசலில் மாட்டை நிறுத்தினார்.

"யக்கா, உன் நாய் மில்லுக்குப் பின்னால கட்டிக் கெடக்குது. கிட்ட போவ முடியல, கழுத்து நாறுது."

அவர் வண்டியிலேயே ஏறிப் போனேன். குட்டியைக் கொடுத்த அன்று நான் அதன் கழுத்தில் கட்டிவிட்ட நூல்கயிறு அப்படியே இருந்தது. யாரும் அவிழ்க்கவில்லை. கழுத்து வளர வளர, கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. புழு வைத்திருந்தது. என்னைப் பார்த்து அது வாலை ஆட்டியது. கடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டம்மாவிடம் போய் நின்றேன். "நான் இட்டுகினு போறேன்" என்றேன்.

"போ. அது யாருக்கு வோணும்?"

அவ்வளவுதான். அன்றைக்கே கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

என் வீட்டுக்காரர் நாயை மடியில் பிடித்துக்கொள்ள, நான் கத்தரிக்கோலால் கயிற்றைத் துண்டு துண்டாக எடுத்தேன். தேங்காயெண்ணெயில் சூடம் கரைத்து ஊற்றியதும் புழுக்கள் வெளியே வந்தன.

"போன தபா போனப்ப நல்லாத்தானே இருந்துச்சுன்னு சொன்ன?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இடத்தில் மயிர் முளைக்கவே இல்லை. குரலும் போய்விட்டது, குரைக்க வாய் திறந்தால் காற்றுத்தான் வரும். ஆறு வருஷம் எங்களோடு இருந்தது. முகத்தை வருடிக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். கை கழுத்துக்கு இறங்கினால் எழுந்துபோய்த் தள்ளிப் படுத்துக்கொள்ளும்.

தாய் நாய் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை குட்டி போட்டது. கேட்டு வந்தவர்களிடம், உங்கள் கொல்லை வரைக்கும் வந்து பார்ப்பேன் என்று சொன்னேன். இரண்டு பேர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டு, அவர்கள் கேட்ட இரண்டு குட்டிகளையும் நானே வைத்துக்கொண்டேன்.