மிளகு உரல் என்று பெயர் வாங்கிய பீரங்கி

படகு இயந்திரம் எதுவானாலும் நஸீஹின் கை பட்டால் இருமலை நிறுத்திவிட்டு ஓடும். லெபனான் கரை முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு கை கிடைக்காது என்று திரிபோலியின் மினா துறைமுகத்தில் எந்த மீனவனைக் கேட்டாலும் சொல்வான். கேட்காவிட்டால் நஸீஹே சொல்வான். அடக்கம் அவனுக்குப் பொருந்தாத சட்டை. போட்டால் தோளில் பிடிக்கும்.

அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லக் கோட்டையில் வெடிக்கிறதே பீரங்கி, அதைப் போலவே முழங்கை நீளத்தில் ஒன்று செய்ய வேண்டும். அலமாரியில் உட்கார்ந்திருக்க அல்ல. வெடிக்க வேண்டும்.

முதலில் பித்தளையை உருக்கி வார்த்தான். ஆறியதும் பார்த்தால் வயிற்றில் ஒரு கீறல். அதில் வெடிமருந்து போட்டால் தன் விரல்கள்தான் பறக்கும் என்று அவனுக்குத் தெரியும். திரும்ப உலையில் போட எடுத்துக்கொண்டு போனபோது, எதிர்வீட்டுக் காப்பிக்கடைக்காரர் அபூ ருஸ்தும் பார்த்துவிட்டார்.

"என்ன நஸீஹ், மிளகு இடிக்கிற உரலா? வயித்துல கீறல் வேற விட்டிருக்கே!"

சந்தே சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

நஸீஹ் விடுவானா? ஒடிந்துபோன படகு விசிறியின் வெண்கலத் தண்டு ஒன்று அவனிடம் கிடந்தது. அதை லேத்தில் பூட்டி, எண்ணெய் விட்டு விட்டு, குழலை மெல்ல மெல்லக் குடைந்தான். நெருப்பு வைக்கும் துளையை ஊசி நுழையும் அளவுக்குப் போட்டான். பழைய ஆலிவ் கட்டையில் சக்கரம் கடைந்து வண்டியும் செய்தான். அவன் மனைவி ஸுஹைலா தினமும் வாசலில் நின்று பார்ப்பாள்.

"வீட்டுக் குழாய் ஒழுகுது. அதையும் பீரங்கின்னு நெனைச்சு ஒரு கை பாரேன்!"

ரமலானில் ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. அப்போதே வெடித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது அவனுக்கு. மாடிக்குத் தூக்கிப் போனான். குண்டு கிண்டு ஒன்றும் இல்லை. கொஞ்சம் மருந்து, மேலே ஈரக் காகித உருண்டை, வாய் கடலைப் பார்த்து. அன்று வானம் மூடிக் கிடந்தது. மின்சாரம் போய்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஊமையாகிவிட்டது. சந்து முழுக்கச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கோட்டைப் பீரங்கி எப்போது வெடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. இது ஒன்றும் அவன் நினைப்பில் இல்லை. கையில் இருந்த திரி மட்டும்தான் இருந்தது.

வெடித்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன, புறாக்கள் சிதறின. நஸீஹ் பாராட்டு வாங்கக் கீழே ஓடினான். அபூ ருஸ்தும் பேரீச்சங்கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஹாஜியம்மா விதாத் பருப்புச் சாற்றில் பாதியைக் குடித்துவிட்டாள்.

அப்போதுதான் தூரத்தில், மந்தமாக, கோட்டைப் பீரங்கி வெடித்தது.

ஹாஜியம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. மெதுவாக நஸீஹைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடப் பாவி! வயசுக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு நோன்பக்கூட நேரத்துக்கு முன்னால தொறந்ததில்லடா நான்!"

"கடல்ல தூக்கி எறிங்க அதை!" என்று அபூ ருஸ்தும் கத்தினார்.

நஸீஹ் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதான், ஹாஜியம்மா. மன்னிச்சிடுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். அது அவனால் ஆகுமா? "ஆனா ஒண்ணு, அபூ ருஸ்தும். மிளகு உரல் சத்தத்துக்கா நீங்க பேரீச்சம்பழத்த வாயில போட்டீங்க?"

ஹாஜியம்மாவின் செருப்பு பறந்து வந்து அவன் தோளில் பட்டது.

தெரியாமல் திறந்ததில் பாவமில்லை, பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள் நோன்பு வைத்து ஈடுகட்டினால் போதும் என்று இமாம் சொல்லிவிட்டார். பீரங்கியை ஹாஜியம்மா பிடுங்கித் தன் கட்டிலுக்கடியில் போட்டாள். பெருநாள் முடிந்ததும் நஸீஹைக் கூப்பிட்டாள்.

"நாளைக்குச் சந்தே சேந்து அந்த நோன்ப வைக்குது. ரமலான் போயிடுச்சு, கோட்டையில வெடிக்க மாட்டான். கெடுத்தவனே தொறந்து வை. நேரத்துக்கு வெடிச்சா பீரங்கி ஒனக்கு. இல்லேன்னா மீனுக்கு."

மறுநாள் நஸீஹ் வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் சந்தின் நடுவில் நீள மேசை போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஹாஜியம்மா அப்போதுதான் எடுத்துக் கொடுத்த பீரங்கியில் மருந்து போட்டு, மாடியில் நஸீஹ் திரியோடு நின்றான். பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்த உடனே நெருப்பு வைத்தான்.

புஸ்.

துளை வாயில் புகைந்ததோடு சரி. கட்டிலடியில் கிடந்தபோது துளைக்குள் மெத்தைப் பஞ்சு அடைத்திருந்தது.

"தும்முதுடா உரலு!" என்றார் அபூ ருஸ்தும்.

மேலே ஏறி வந்த ஸுஹைலாவை நஸீஹ் கைநீட்டித் தடுத்தான். உள்ளே கனல் இருந்தால் எந்த நொடியும் வெடிக்கும். பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். கீழே பாங்கு முடிந்தது. இனி மீனுக்குத்தான் என்று நினைத்தபடியே கம்பியால் துளையைக் குத்தினான், புதிதாக மருந்து தூவினான். அப்போதுதான் கீழே எட்டிப் பார்த்தான். ஒருவர் வாயும் அசையவில்லை. அபூ ருஸ்துமின் கையில்கூடப் பேரீச்சம்பழம் அப்படியே இருந்தது.

"பாங்கு சொல்லியாச்சே, ஹாஜியம்மா! சாப்பிடுங்க!" என்றான்.

"எங்களுக்குக் காது கேக்குதுடா. நீ ஒன் வேலையப் பாரு!"

வெடித்தது. மேசையில் கோப்பைகள் குலுங்கின. எல்லாக் கைகளும் ஒன்றாக வாய்க்குப் போயின.

வாய் நிறையப் பழத்தோடு அபூ ருஸ்தும் ஆரம்பித்தார். "நேரம் தப்பிடுச்சே, ஹாஜியம்மா! மீனுக்குத்தானே?"

அவள் சாற்றை நிதானமாகக் குடித்து முடித்தாள். "அன்னிக்கு முந்திச்சு, இன்னிக்குப் பிந்திச்சு. ரெண்டையும் கூட்டிப் பாரு, நேரம் சரியாத்தான் இருக்கு."

சூடு ஆறாத குழலைத் துணியில் சுற்றி நஸீஹ் தோளில் சாய்த்துக்கொண்டான். அவன் வீடு அங்கேயே, நாலு எட்டில் இருந்தது. ஆனாலும் துறைமுகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, படகு படகாக நின்று காட்டிவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தான்.