ஃபிளென்ஸ்பர்கில் பெண் கேட்டதும் அக்குவாவிட் குடித்ததும்

1972 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஹம்பேர்க் அல்டோனா நிலையத்தில் சேவியரும் நானும் ரயிலேறினோம். போகிற ஊர் ஃபிளென்ஸ்பர்க். வடக்கே நூற்றறுபது கிலோமீட்டர். அதைத் தாண்டினால் டென்மார்க். சேவியர் நாகர்கோவில்காரன், எங்கள் பல்கலைக்கழகத்தில் கப்பல் எஞ்சின் ஆராய்ச்சி செய்பவன். ஹெல்கா என்ற ஃபிளென்ஸ்பர்க் பெண்ணை அவன் விரும்பினான், கட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கே கூட்டிப்போக நினைத்தான். ஊரிலிருந்து பெற்றோர் வர வழியில்லாததால், பெண் கேட்க மாப்பிள்ளை வீட்டார் என்ற முறையில் என்னை இழுத்துக்கொண்டு போனான். அவனைவிட ஆறு வயது மூத்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

ரென்ட்ஸ்பர்க் ஊரில் ரயில் உயரமான கால்வாய்ப் பாலத்தைக் கடந்து, வீடுகளின் தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்து இறங்குகிறது. பாலத்துக்குக் கீழே பெரிய சரக்குக் கப்பல் ஒன்று நிதானமாகப் போனது. நான் ஜன்னலில் ஒட்டிக்கொண்டேன். கப்பலையே படிக்கிற சேவியர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, அங்க போய் பாலிடிக்ஸ் எல்லாம் பேசிராதீங்க. அவ அப்பா நோ சொல்லிட்டா ஹெல்கா வரமாட்டா. அவருக்கு அவள விட்டா யாருமில்ல," என்றான்.

பதினொன்றே முக்காலுக்கு இறங்கினோம். ஹெல்காவின் அப்பா யென்சன், மனைவியை இழந்தவர். துறைமுகத்தை ஒட்டிச் சின்ன மதுக்கடை நடத்துகிறார். கடல் அங்கே ஊருக்குள் ஏரி போல நுழைந்து கிடக்கிறது. நாங்கள் கொண்டுபோன பழத்தட்டை மரியாதையாக வாங்கி வைத்துவிட்டு, கறுப்பு ரொட்டி, வெண்ணெய், ஊறவைத்த ஹெரிங் மீன் எல்லாம் பரப்பினார். கடைசியாக, உறைபெட்டியிலிருந்து பனி பூத்த பாட்டில் ஒன்று வந்தது.

அதுதான் அக்குவாவிட். பார்க்கத் தண்ணீர், மூக்கருகே கொண்டுபோனால் நம் சமையலறை. சீரகத்துக்குப் பங்காளியான கியூமல் என்ற விதையைப் போட்டு வடிக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் அந்த விதையை ரொட்டியிலும் முட்டைக்கோஸிலும் தூவுவார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் நான் ஆல்கஹாலை லிட்டர் லிட்டராகப் புழங்குகிறவள். ஒரு சொட்டு குடித்ததில்லை. விருந்துகளில் ஆரஞ்சுச் சாற்றோடு ஒதுங்கிவிடுவேன். இங்கே ஒதுங்கினால் சேவியர் கதை கந்தல். யென்சன் எழுந்து நின்று கோப்பையை உயர்த்தினார். நானும் உயர்த்தி, பிறந்த வீட்டுப் பழக்கத்தில் உதட்டில் படாமல், கூரையைப் பார்த்தபடி அண்ணாந்து தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டேன்.

தொண்டை பற்றி எரிந்தது. கண்ணீரைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் யென்சன் குடிக்கவே இல்லை. முகம் கல்லாகி இருந்தது. இந்தப் பக்கத்தில் கோப்பையை உயர்த்தியதும் எதிரிலிருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும், குடித்த பிறகும் பார்க்க வேண்டும், பார்க்காதவர் மனதில் நல்லெண்ணம் இல்லை என்று அர்த்தம் என ஹெல்கா என் காதில் சொன்னாள். சேவியர் மீனை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தான்.

"ஹெல்கா போகப்போகிற ஊரில் அவள் முகத்தைப் பார்த்துப் பேச யாராவது இருப்பார்களா?" என்று யென்சன் கேட்டார். கோபமில்லை, பயம். அதுதான் என்னைச் சுட்டது.

"எங்க வீட்ல ஒரே டம்ளர்ல அஞ்சு பேர் குடிப்போம். அடுத்தவங்களுக்கு எச்சில் ஆகக் கூடாதுன்னுதான் இப்படி. உங்கள மதிக்காம இல்ல," என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

எரிச்சல் தணியத் தக்காளிச் சாறு கேட்டேன். எலுமிச்சை பிழிந்து, உப்பும் நொறுக்கிய மிளகும் போட்டபோது கை தானாக ரசத்துக்குப் போய்விட்டது. சீரக வாசனைதான் குறை. பாட்டிலை எடுத்து மூன்று பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு ஊற்றினேன். அக்குவாவிட்டில் எதையும் கலக்கக் கூடாது என்று பதறிய யென்சன், ஒரு வாய் பார்த்தார். பிறகு இன்னொரு வாய். தக்காளிக்கு அடியில் கியூமல் நிமிர்ந்து நிற்கிறது என்று ஒப்புக்கொண்டார். உற்சாகத்தில் அடுத்ததை ஆரஞ்சுச் சாற்றில் கலந்தோம், இருமல் மருந்து. அவர் முதன்முறையாகச் சிரித்தார். தொழில்காரர் அல்லவா, இஞ்சி சோடாவும் எலுமிச்சையும் எடுத்துவந்து தானே ஒன்று கலந்தார். அது என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

மூன்றரை மணி இருக்கும். அவர் பெரிய கோப்பை நிறையத் தக்காளிக் கலவை போட்டுக்கொண்டு எழுந்தார். சேவியரின் கண்ணை நேராகப் பார்த்தார். அப்புறம் அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். ஊற்றியதில் பாதி வாயில், பாதி வெள்ளைச் சட்டையில். மீதியிருந்த கோப்பையைத் துடைக்காமல் அப்படியே சேவியரிடம் நீட்டினார்.

"அடுத்தவன் நீ," என்றார்.

சேவியர் வாங்கிக் குடித்தான்.

நம் பக்கம் என்றால் யோசித்துக் கடிதம் போடுகிறோம் என்று அனுப்பிவிட்டு, பதினைந்து நாள் நம்மைத் தபால்காரர் வழி பார்க்க வைத்திருப்பார்கள். இங்கே அந்தக் கோப்பையோடு சம்மதம் முடிந்தது. ஆறு மணி ரயிலுக்கு யென்சன் அதே சிவந்த சட்டையோடு பிளாட்பாரத்துக்கு வந்து, எல்லோரும் பார்க்க நின்றார். சட்டையை மாற்றிக்கொள்ளச் சொல்லி ஹெல்கா கெஞ்சியும் கேட்கவில்லையாம். வண்டி நகர்ந்ததும் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். சேவியர் சிரித்துக் கை அசைத்தான். மகளைக் கேட்டு வாங்கிய எனக்குத்தான் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.