டிராகன் வாங்கிய நாற்பது மனைகள்

ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், என் அண்ணன் பழைய புத்தகக் கடையிலிருந்து தடிமனான ஓர் ஆங்கில விளையாட்டுப் புத்தகத்தை வாங்கி வந்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் தங்களை வீரனாகவோ மந்திரக்காரியாகவோ நினைத்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். அண்ணன்தான் கதைசொல்லி. நான் மந்திரக்காரி. வீரனாக வந்தவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் அண்ணனோடு லேத் ஓட்டியவர். திருநின்றவூர்ப் பக்கம் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். அந்த வருஷம்தான் அவர்கள் நிலத்தில் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு குகையில் எங்களுக்கு ஐந்நூறு பொற்காசு கிடைத்தது. புத்தகத்தில் விலைப்பட்டியல் இருந்தது: வாள், கேடயம், குதிரை, கயிறு. நான் குதிரை வாங்கினேன். அவர் பட்டியலை இரண்டு முறை புரட்டிவிட்டு, நிலம் என்ன விலை என்று கேட்டார். நிலத்துக்கு விலையே போடவில்லை என்றான் அண்ணன்.

"போடலன்னா சல்லிசா கீதுன்னு அர்த்தம், மச்சான்."

டிராகன் வசிக்கும் மலையடிவாரம் முழுவதையும் வாங்கி, இருபதடிச் சாலை விட்டு, நாற்பது மனைகளாகப் பிரித்தார். நாங்கள் கிளம்பியதே அந்த டிராகனைக் கொல்லத்தான். ஆனால் இரண்டு வாரம் காட்டுக் குள்ளர்களிடம் மனை விற்கப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவரும் வாங்கவில்லை. குதிரையை விற்றுவிட்டுக் கார்னர் மனை எடுத்துக்கொள்ளும்படி என்னிடமும் சொல்லிப் பார்த்தார்.

மூன்றாவது வாரம், பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். அடுத்த வருஷம் ஃபேக்டரியில் அவருக்கு ரிட்டயர்மென்ட்; குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கிரவுண்டு என்ன விலை என்று விசாரித்தார். இது விளையாட்டு என்றான் அண்ணன். தெரியும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பட்டா இருக்கா தம்பி?"

"கிளியர் பட்டா சார். ஏரிப் புறம்போக்கு கிடையாது. ஒரே ஒரு டிராகன் மட்டும் கீது."

எத்தனை வருஷமாக இருக்கிறது என்று அப்பா கேட்டார். அண்ணன் புத்தகத்தைப் பார்த்து முந்நூறு என்றான்.

"முந்நூறு வருஷமா குடியிருக்கிறவன எந்தக் கோர்ட்டும் காலி பண்ணச் சொல்லாது," என்று எழுந்து போய்விட்டார்.

வீரரின் முகம் வாடிவிட்டது. டிராகனிடமே பேசிப் பார்க்கலாம் என்றார். வாளை வெளியே வைத்துவிட்டு அதன் குகைக்குள் போனோம். வாசலில் நாற்பது குடும்பம் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பகடையும் அவர் பக்கமே விழுந்தது. எண்பதாயிரம் பொற்காசு கொடுத்து, நாற்பது மனைகளையும் டிராகன் மொத்தமாக வாங்கிக்கொண்டது.

அப்போதுதான் காசின் எடை பற்றிய பக்கம் அண்ணன் கண்ணில் பட்டது. பத்துக் காசு அரைக் கிலோ. கணக்குப் போட்டால் நாலு டன். தூக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும் என்றான். அவர் முடியவே முடியாது என்றுவிட்டார்.

அதன் பிறகு நான் மட்டும் காடு காடாகச் சுற்றினேன். அவர் முறை வரும்போதெல்லாம், இப்போது என்ன செய்கிறாய் என்று அண்ணன் கேட்பான்.

"துட்டு மேல குந்திகினு கீறேன்," என்பார். அவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததே இல்லை.

கார்த்திகை மாதம் என்னை ஓநாய்கள் கொன்றுபோட்டன. கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்; வரவில்லை. அவர் வந்திருந்தால் அங்கே காசை யார் பார்த்துக்கொள்வது என்று அப்பாகூட அவர் பக்கம்தான் பேசினார்.