உலக்கை நாச்சியும் சிவப்புப் பூட்டும்

பூமாரி சொல்லும் கதைகளில் உலக்கை நாச்சி என்று ஒருத்தி வருவாள். யோசிப்பது என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. ஊர் நிலத்தை ஒருவன் வளைத்துப் போட்டுவிட்டான் என்று மற்றவர்கள் வழக்கு, வாய்தா, மேல்முறையீடு என்று தலையைப் பிய்த்துக்கொண்டு கிடப்பார்கள். நாச்சி போய் அவன் வீட்டு வாசல் கதவில் உலக்கையால் ஒரு போடு போடுவாள், பத்திரம் தானாக வெளியே வரும். மந்திரவாதி விடுகதை போட்டு வழிமறித்தால், விடுகதை முடிவதற்குள் மந்திரவாதியின் மண்டை வீங்கியிருக்கும். பாதாள அறைக்கு ரகசிய வழி எது என்று மந்திரிகள் ஓலையைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே நாச்சி சுவரை இடித்துக்கொண்டு உள்ளே நிற்பாள். இதெல்லாம் ஒரு கதையா என்று யாராவது மூக்கைச் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு, சூப்பர்வைசரிடம் திருப்பிப் பேச முடியாமல் விழுங்கிய வார்த்தைகளோடு கம்பெனி பஸ்ஸில் வந்து விழுகிற பெண்களுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

பூமாரி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்துவிட்டு, வல்லம் வடகாலில் கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கிற ஒரு தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தவள். சேரப்பணஞ்சேரியில் மூன்று பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள். ஒரு மழை நாளில் ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ் நகராமல் நின்றபோது, பொழுது போகாமல் அவள் ஆரம்பித்ததுதான் நாச்சி கதை. அன்றிலிருந்து முன் இருக்கைக்காரி சுகப்பிரியா திரும்பி உட்கார்ந்துகொள்வாள், டிரைவர் கன்னியப்பன் பாட்டை நிறுத்திவிடுவார். பஸ்ஸில் வராதவர்களுக்கும் கதை எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். ஷிஃப்ட் சூப்பர்வைசர் கோபால், வல்லத்துக்காரர், டீ நேரத்தில் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார்.

"நேத்து நாச்சி யார அட்ச்சா?"

கதையில் இப்படி ஊரையே இடித்துத் தள்ளுகிறவள், வேலையில் ஒரு திருகாணியைக்கூட அவசரமாகத் திருக மாட்டாள். அந்தத் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் அவளுக்கு முன்னால் பெண் யாரும் கிடையாது. வந்த புதிதில் ஆண்கள் அவள் கையில் பஞ்சு வேஸ்ட்டைக் கொடுத்து எண்ணெய் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தாள். துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதித் தேறி, சொந்தமாக ஒரு சிவப்புப் பூட்டு வாங்கினாள்.

அந்தப் பூட்டு சாதாரணப் பூட்டு இல்லை. பழுது பார்க்க மெஷினுக்குள் போகிறவர், முதலில் அதன் மெயின் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டை அதில் மாட்ட வேண்டும். சாவி அவர் பையில் இருக்கும். அந்தப் பூட்டு தொங்கும்வரை கம்பெனி முதலாளியே வந்து நின்றாலும் மெஷினை ஓட்ட முடியாது. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். கழற்றும் முன் மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று குரல் கொடுக்க வேண்டும். பூட்டின் மேல் பூமாரியின் பெயரும் போட்டோவும் இருந்தன. அதைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

"என்னட்டி, ஒரு பூட்டுக்குப் போயா இம்புட்டுச் சந்தோசம்?" என்றாள் அம்மா. ஆமாம், அம்புட்டுச் சந்தோஷம்தான். தூங்கும்போதும் அதன் சாவியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள்தான் அந்த வியாழக்கிழமை பூட்டைக் கழற்ற மறந்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

எப்படி மறந்தாள் என்றால் அதற்கும் நாச்சிதான் காரணம். முதல் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் தகடு அடிக்கிற பெரிய பிரஸ் மெஷினில் சென்சார் மக்கர் பண்ணியது. பூட்டை மாட்டிவிட்டு உள்ளே போனாள், துடைத்துச் சரிசெய்தாள், வெளியே வந்தாள். முதலை அகழியை நாச்சி எப்படித் தாண்டுவாள் என்று மனசுக்குள் கதை ஓடிக்கொண்டிருந்தது. முதலையின் வாலைப் பிடித்துச் சுழற்றி எறியலாம் என்று தோன்றிய அந்த நொடியில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தலை தெறிக்க ஓடி ஏறிக்கொண்டாள்.

பஸ் கூட்டு ரோட்டை நெருங்கும்போது, அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்க நின்றிருந்த கோபாலிடமிருந்து போன் வந்தது.

"பூமாரி, எங்கம்மா கீற? ஒன் பூட்டு மெஷின்ல தொங்கினு கீது."

பையைத் தொட்டுப் பார்த்தாள், சாவி இருந்தது. பூட்டோடு மெஷினை விட்டுவிட்டு வெளியே போனால் ரிப்போர்ட் எழுதுவார்கள், பூட்டைப் பறித்துவிடுவார்கள். ஆம்பிளைக்கு நடந்தால் அது மறதி. அவளுக்கு நடந்தால், பொம்பிளைக்கு எதற்கு இந்த வேலை என்று அடுத்த நாளே பேச்சு கிளம்பும். மறுபடியும் பஞ்சு வேஸ்ட்டுதான்.

"லைன் நிக்கிது. நீ ஒண்ணும் பயப்படாத," என்றார் கோபால், குரலைத் தாழ்த்தி. "சரின்னு ஒரு வார்த்த சொல்லு. கட்டர் என் கையிலதான் கீது. வெட்டிக் கடாசிட்டு ஓட்டிடறேன். பூட்டு தொலஞ்சிபோச்சின்னு சொல்லி வேற வாங்கிக்கலாம். ஈ காக்காவுக்குத் தெரியாது."

சரி என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. வராமல் என்ன செய்யும்? ஒரு வெட்டு, எல்லாத் தொல்லையும் தீர்ந்தது. ஆனால் அதே நேரத்தில் சற்று முன் தான் அந்த பிரஸ்ஸுக்குள் குனிந்து நின்றது ஞாபகம் வந்தது. தலைக்கு மேல் வீடு அளவு இரும்பு. பயமில்லாமல் நின்றாள், ஏனென்றால் வெளியே அவள் பூட்டு தொங்கியது. ஒரு போன் பேச்சில் அதை வெட்டலாம் என்றால், இனிமேல் அவளால் எப்படி உள்ளே போக முடியும்?

"வேண்டாம்ண்ணே, வெட்டாதிய. நான் வாரேன்."

"ட்ராஃபிக்கப் பாத்தியா? எப்ப வந்து சேருவ? நாச்சியா இருந்தா இந்நேரம் ஒடச்சிப் போட்டுட்டு டீ குட்ச்சினு இருப்பா!"

"அது கதைண்ணே. தயவு செஞ்சு வெட்டாதிய," என்று போனை வைத்தாள்.

விஷயம் தெரிந்ததும் பஸ்ஸில் ஆளுக்கொரு யோசனை. "நாச்சியா இருந்தா பஸ்ஸையே தூக்கித் திருப்பி வெச்சிருப்பா," என்றாள் சுகப்பிரியா. "டயர் கிழிஞ்சா கான்ட்ராக்டருக்கு அவளா பதில் சொல்லுவா?" என்று கேட்ட கன்னியப்பன், ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். பூமாரி இறங்கி, லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள். அந்த ஆட்டோ கைகாட்டுகிற ஒவ்வொருவருக்கும் நின்று நின்று போனது. அவள் வேண்டாத தெய்வமில்லை.

தொழிற்சாலைக்குள் ஓடிப் போனபோது லைன் நின்றிருந்தது. ஆட்கள் சுவரோரம் போன் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோபால் பூட்டுக்குப் பக்கத்தில் கட்டரும் கையுமாக, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நின்றார்.

"கழட்டும்மா சீக்கிரம்," என்றார்.

பூமாரி சாவியை எடுத்தாள். ஆனால் பூட்டில் வைக்கவில்லை. வழக்கப்படி பிரஸ்ஸை ஒரு சுற்று சுற்றப் புறப்பட்டாள். கோபால் தலையில் அடித்துக்கொண்டார். பின்பக்கம் போய்க் குனிந்து, "உள்ள யாராவது இருக்கியளா?" என்று குரல் கொடுத்தாள்.

"இருக்கேன்க்கா. ஒரு நிமிசம்."

உள்ளேயிருந்து மணிகண்டபிரபு தவழ்ந்து வந்தான். இரண்டாவது ஷிஃப்ட் ஆபரேட்டர், அருப்புக்கோட்டைக்காரன். கை நிறையத் தகட்டுத் துண்டுகள், மூக்கில் எண்ணெய்.

"மெஷின் சும்மாதானே நிக்குது, விழுந்து கெடக்குறத பொறுக்கிருவோம்னு போனேன். உங்க பூட்டுதான் தொங்குதே, பெறகென்ன பயம்?" என்று சிரித்தான்.

அவள் பூட்டு தொங்கினாலும், உள்ளே போகிறவன் தன் பூட்டையும் பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டும். அவள் பூட்டே போதும் என்று நினைத்துவிட்டான். பூமாரி அவன் கையில் இருந்த தகட்டுத் துண்டுகளை வாங்கிக் கீழே வைத்தாள். கோபால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போனில் அவள் சரி என்றிருந்தால் பூட்டு வெட்டப்பட்டிருக்கும், பிரஸ் ஓடியிருக்கும். சிரித்துக்கொண்டிருந்த மணிகண்டபிரபு கோபாலின் கையில் இருந்த கட்டரைப் பார்த்தான். அப்புறம் அவனும் சிரிக்கவில்லை.

பூமாரி பூட்டைக் கழற்றினாள். பிரஸ் ஓடத் தொடங்கியது. லைன் ஏன் நின்றது என்று கேட்க சேஃப்டி ஆபீசர் ஷாரோன் வருகிறார் என்று அதற்குள் தகவல் வந்துவிட்டது. ஷாரோன் தண்டலத்துப் பெண். குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம். கோபால் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார்.

"மூணு பேர் மேலயும் தப்பு கீது. உண்மைய சொன்னா மூணு பேரும் காலி," என்று கிசுகிசுத்தார். "பூமாரி, நீதான் அவ்ளோ கத சொல்றியே. சென்சார் அது இதுன்னு நல்லதா ஒண்ணு எட்த்து வுடு. நாங்க ஆமான்றோம்."

கேட்கவா வேண்டும்? அவள் மூளை அதற்குள் கதையைப் பின்ன ஆரம்பித்துவிட்டது. சென்சார் மறுபடி கெட்டது, அதனால் பூட்டை வேண்டுமென்றே விட்டுப் போனாள், உதிரிப் பாகம் வாங்கப் போனவள் திரும்பி வந்தாள், மணிகண்டபிரபுவை உள்ளே அனுப்பியதே அவள்தான். எல்லாம் பொருந்தி வந்தது. இரண்டு இடத்தில் இடித்தது, அதையும் பூசி மெழுகிவிடலாம்.

ஷாரோன் வந்து நின்று மூவரையும் பார்த்தார். "இன்னா ஆச்சு?"

இத்தனை சிக்கலையும் இனி எத்தனை நாள் சுமப்பது என்று நினைத்தபோதே பூமாரிக்கு அலுப்பாக இருந்தது. ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

"பூட்ட மறந்துட்டு பஸ் ஏறிட்டேன் மேடம். என் தப்புதான்."

அதோடு நிறுத்திக்கொண்டாள். மற்ற இருவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஷாரோன் கையை நீட்டினார். பூமாரி பூட்டையும் சாவியையும் அதில் வைத்தாள். ஷாரோன் திரும்பி நடக்கப் போனார்.

"மேடம்," என்றார் கோபால். தொண்டையைச் செருமினார். "நான் அத்த வெட்டப் பாத்தேன்."

"நான் பூட்டுப் போடாம உள்ள போயிட்டேன் மேடம்," என்றான் மணிகண்டபிரபு, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஷாரோன் திரும்பி வந்தார். மற்ற இருவரின் பூட்டையும் வாங்கிக்கொண்டு, மூவருக்கும் ஒரே தீர்ப்பு சொன்னார். புதிதாகச் சேர்கிறவர்களோடு உட்கார்ந்து பூட்டு வகுப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். முடித்துவிட்டு வந்து அவரவர் பூட்டை அவரிடம் வாங்கிக்கொள்ளலாம். பூமாரிக்கு அங்கேயே ஆடலாம் போல இருந்தது. மரியாதைக்காக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை மூவரும் கடைசி பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்னால் முழுக்க மீசை அரும்பாத பையன்களும், புது யூனிஃபார்ம் மடிப்புக் கலையாத பெண்களும். தலை நரைத்த சூப்பர்வைசர் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோபாலுக்குக் காது சிவந்தது. பூமாரி குனிந்துகொண்டு அவளும் சிரித்தாள்.

"அடுத்தவங்க பூட்ட ஏன் வெட்டக் கூடாது?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"ரூல்ஸ் சார்," என்றது முன் பெஞ்சு.

"வேற?"

கோபால் எழுந்தார். பக்கத்தில் இருந்த மணிகண்டபிரபுவின் வலது கையைப் பிடித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கோசரம்," என்றார்.

சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பி அந்தக் கையைப் பார்த்தார்கள். உட்கார்ந்த பிறகும் கோபால் அதை விடவில்லை.