முழுக்கா, தெளிப்பா?

டெல்பர்ட் ஹேட்சல் எங்கள் ஊரில் முதலில் விற்க வந்தது வெந்நீர்த் தொட்டி. வீட்டுக்குப் பின்னால் போட்டு, புருஷனும் பெண்டாட்டியும் கையில் பீர் டப்பாவோடு கழுத்துவரை முங்கிக் கிடக்கிற வகையறா. டென்னசி மலையடிவாரத்தில் மரம் அறுத்துப் பிழைக்கிற ஜனத்துக்கு அது எதற்கு? மூன்று தொட்டிதான் போயிற்று, அதில் ஒன்றை வாங்கியது அவனுடைய மாமனார். மற்றதெல்லாம் நெடுஞ்சாலைக் கொட்டகையில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டு கிடந்தது. இரண்டாவது பெண்டாட்டியும் விட்டுப் போன வருஷம் அவன் இரட்சிக்கப்பட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, இரட்சிக்கப்பட்ட மூன்றாம் மாதமே அவனுக்கு மூளை வேலை செய்தது. அதே தொட்டிக்கு இரண்டு பக்கமும் படி வைத்தான், முன்னால் கண்ணாடி பதித்தான், உள்ளே நீல வர்ணம் அடித்தான், இயேசு முழுகின ஆற்றின் பெயரையே எடுத்து 'யோர்தான்' என்று சூட்டினான். முழுக்கு ஞானஸ்நானத் தொட்டி தயார். எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பாப்டிஸ்ட் சபை மட்டும் நாற்பத்தொன்று இருக்கிறது. ஒரு சபை வாங்கினால் எதிர்த்த சபை சும்மா இருக்குமா? எங்கள் சபையிலும் அவன் தொட்டிதான். மாட்டின முதல் வருஷமே ஒழுகி, கீழே இருந்த பியானோவின் கால்கள் உப்பிப் போயின. கேட்டதற்கு, ஆவியானவர் பொங்கி வழிகிறார் பிரதர் என்றான்.

நான் ஆர்லன், டயர் கடைக்காரன். நானும் பாப்டிஸ்ட்தான், தண்ணீரில் முழுகி எழுந்தவன்தான். வெளியூர்க்காரன் வந்து எங்களைப் பழிக்கிறான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

தொட்டி மாட்டப் போகிற சபையிலெல்லாம் டெல்பர்ட் ஐந்து நிமிஷம் சாட்சி சொல்ல இடம் கேட்பான். ஐந்து நிமிஷம் இருபதாயிற்று. குடியை விட்ட கதை போய், நாட்டின் கதை வந்தது. இது கர்த்தர் கொடுத்த தேசம், அவர் பிள்ளைகள்தான் ஆள வேண்டும், மற்றவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் சாவி நம்மிடம் இருக்க வேண்டும். சரித்திரத்தில் அவன் படித்ததெல்லாம் தீவனக் கடை நாட்காட்டியின் பின்பக்கம்தான். ஆனாலும் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட வாரியத்துக்கு நின்றான்.

அந்தத் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் அவன் ஐந்து ஓட்டில் தோற்றான். முதியோர் இல்லத்திலிருந்து தபாலில் வந்த ஒன்பது ஓட்டுகள் வேறு வார்டு உறைக்குள் மாட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தது வெர்னா கிட்வெல். நாலாம் வார்டு வாக்குச்சாவடியின் பொறுப்பாளர் அவள். அந்த ஒன்பதில் எட்டு டெல்பர்ட்டுக்கு விழுந்திருந்தது. இரண்டு ஓட்டில் ஜெயித்தான். அடுத்த ஞாயிறு சபையில், கர்த்தருடைய கரம் என்னைத் தூக்கி நிறுத்தியது என்று அழுதான். வெர்னாவுக்கு ஒரு நன்றி கிடையாது.

வெர்னா பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், மெதடிஸ்ட், விதவை. எழுபத்திரண்டு வயது. சாவடி நடக்கிற தீயணைப்பு நிலையக் கூடத்தில் பட்டியல் மேஜைக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் கொடுக்கிற கூலி அவள் சுட்டுக் கொண்டுவரும் பெக்கன் பருப்புப் பலகாரத்துக்கே போதாது. பிள்ளைகள் டெக்சஸ் போய்விட்டார்கள். வருஷத்தில் அந்த இரண்டு மூன்று நாளுக்காகத்தான் அவள் மற்ற நாளெல்லாம் இருந்தாள் என்று என் மனைவி சொல்வாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நாலு வருஷம் முன்பு டெல்பர்ட், 'தேவன், தேசம்' என்று எழுதி, அதற்குக் கீழே கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரிப் பதவிக்குத் தான் ஆதரித்த வேட்பாளரின் பெயரையும் போட்ட பனியனோடு ஓட்டுப் போட வந்தான். சாவடிக்குள் பிரசாரம் கூடாது என்று வெர்னா அவனைக் கழிப்பறைக்கு அனுப்பினாள். பனியனை உள்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தான். கழுத்துக்கடியில் சலவைச் சீட்டு ஆடியது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அவன் வேட்பாளர் அந்த வார்டில் தோற்றும் போனான்.

பிறகு கட்சிக்காரர்கள் அவனைத் தேர்தல் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். குழுவில் ஐந்து பேர், நானும் ஒருத்தன். சாவடி ஆட்களை நியமிப்பது எங்கள் வேலை. டெல்பர்ட் புது விண்ணப்பம் அச்சடித்தான். பதினோராவது கேள்வி: எந்தச் சபை, ஞானஸ்நானம் முழுக்கா, தெளிப்பா? நாங்கள் வளர்ந்தபின் முழுகுகிறவர்கள், வெர்னாவின் மெதடிஸ்ட் சபையில் குழந்தையிலேயே தலையில் தண்ணீர் தெளித்துவிடுவார்கள்.

கவுண்டி வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "டெல்பர்ட், இது கோர்ட்ல நிக்காது. சாமியப் பத்திக் கேட்டு வேலை குடுக்கக்கூடாது."

"கட்டாயம்னு யாரு சொன்னா? பதில் எழுதறதும் எழுதாததும் அவங்க இஷ்டம். யார வெச்சுக்கறதுங்கறது எங்க இஷ்டம். ஓட்டு எண்ணுறதும் ஒரு ஊழியம்தான் சார், ஊழியக்காரங்க யாருன்னு தெரிய வேணாமா?"

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு வெர்னா என் கடைக்கு வந்தாள்.

"ஆர்லன், என்னைத் தூக்கப் பாக்கறான். நீ என் பக்கம்தானே?"

"இதெல்லாம் கேக்கணுமா வெர்னா?" என்றேன்.

மறுநாள் டெல்பர்ட் வந்தான். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, அடுக்கியிருந்த டயர்களைத் தடவிப் பார்த்தான்.

"சபை வேன் எல்லாம் உங்க கடைக்குத்தான் வருது, இல்ல பிரதர்? கர்த்தர் உங்களை நல்லா ஆசீர்வதிச்சிருக்கார். அது அப்படியே இருக்கணும்னு நான் ஜெபம் பண்றேன்."

கூட்டம் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. டெல்பர்ட் வெர்னாவின் தாளைத் தூக்கிப் பிடித்தான்.

"சிஸ்டர் வெர்னா, பதினோராவது கேள்விக்கு, தெளிப்பு, ஆறு வாரக் குழந்தையா இருந்தப்பன்னு எழுதியிருக்கீங்க."

"அப்பத்தான் நடந்துச்சு."

"பால்குடிக்கிற குழந்தைக்கு விசுவாசம்னா என்ன தெரியும் சிஸ்டர்? அதெல்லாம் கணக்குல வராது. தலை நனைஞ்சது, அவ்வளவுதான்."

"உன்ன நான் ஆறு வயசுல பஸ்ல ஏத்தினேன் டெல்பர்ட். மழை வந்தா நீயும்தான் தலை நனைஞ்சு வருவ."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் காது சிவந்தது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஞாயித்துக்கிழமை எங்க சபைத் தொட்டியில தண்ணி ரொப்பி வெக்கிறேன், வெந்நீராவே வெக்கிறேன். முழுகி எந்திரிங்க. திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

ஒரு கிழவியின் நாற்காலியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அதைத் திருப்பித் தர அவளைத் தண்ணீரில் முக்கப் பார்க்கிறான். அதைப் புண்ணியமென்று வேறு நினைக்கிறான். அற்பப் பதர்.

வெர்னா எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"இருபத்தாறு வருஷமா அந்த மேஜையில உக்காந்திருக்கேன். குடிகாரன் வந்தான், கத்தோலிக்கன் வந்தான், கடவுளே இல்லங்கறவன் வந்தான், நீயும் வந்த. எப்படி நனைஞ்சேன்னு ஒருத்தனையும் நான் கேட்டதில்ல. பேரு பட்டியல்ல இருக்கான்னு பாத்தேன். நான் முழுக மாட்டேன். எங்கம்மா கையில இருக்கறப்ப ஆனது எனக்குப் போதும்."

அவளை நீக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னான் டெல்பர்ட். அவனும் இன்னொருத்தனும் தூக்கினார்கள். இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டார்கள். மிச்சம் நான். வெர்னா என்னைப் பார்த்தாள். பயமில்லாமல் பார்த்தாள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. நான் சபை வேன்களை நினைத்தேன், கடைக்கு வாங்கின கடனை நினைத்தேன். கை தானாக எழும்பவில்லை. நான்தான் தூக்கினேன்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். வழக்குப் போடச் சொன்னவர்கள் பேச்சையும் அவள் கேட்கவில்லை. டெல்பர்ட் ஜெபித்துக் கூட்டத்தை முடித்தான். நானும் ஆமென் சொன்னேன்.

ஆகஸ்ட் தேர்தலில் நாலாம் வார்டு மேஜையில் டெல்பர்ட்டின் சபை மூப்பர் உட்கார்ந்திருந்தார், தடித்த, சிரித்த முகக்காரர். வரிசையில் எனக்கு முன்னால் வெர்னா நின்றாள். அவள் முறை வந்ததும் மூப்பர் அடையாள அட்டை கேட்டார். வாங்கித் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். அவர் பிள்ளைகள் மூன்று பேரும் அவள் பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள். வெர்னா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

அடுத்து நான். ஓட்டுப் போட எல்லாரும் காட்ட வேண்டிய அட்டையை எடுக்கப் பைக்குள் கை விட்டேன்.

"அட, உங்களுக்கு எதுக்கு பிரதர்?" என்றார் மூப்பர். "நீங்க நம்ம ஆளு. போங்க, போங்க."

வெர்னா திரும்பிப் பார்த்தாள். நான் அட்டையைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.