வாந்திபேதி வந்த மழைக்காலத்தில் எங்கள் அண்ணன்

அண்ணன் அவர்கள் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் ஜெபக்கூடத்து நண்பர்களுமாகிய நீங்கள் அவர்களைத் தைரியசாலி என்றே சொல்கிறீர்கள். அடக்க ஆராதனையில் உபதேசியாரும் அப்படித்தான் சொன்னார். கூடப்பிறந்த தங்கையாகிய நான் அறிந்த அண்ணன் மிகவும் பயந்தவர். அதைச் சொல்வதால் அவர்கள் மதிப்புக் குறையாது என்று நம்பி எழுதுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு செம்மண் கிராமத்தில் அண்ணன் பிறந்தார். மழை பொய்த்த வருடம் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கம்பத்திலிருந்து நடந்தே குமுளிக்கு ஏறினார். அங்கிருந்து இன்னும் ஒரு நாள் நடை, நாங்கள் வேலைக்குச் சேர்ந்த தேயிலைத் தோட்டத்துக்கு. இரண்டாம் வருடமே மலைக்காய்ச்சலில் அப்பா போய்விட்டார். அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அண்ணன் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டியும் அம்மா கொழுந்து பறித்தும் என்னை வளர்த்தார்கள்.

ஞாயிறு காலையில் அண்ணன் பாடற்குழுவை நடத்துவார். பகலில் கஞ்சி குடித்ததும் பேக்டரி மைதானத்தில் சடுகுடு. மூச்சுப் பிடித்து எதிர்க்கட்சிக்குள் போனால் மூன்று பேரையாவது தொடாமல் திரும்பமாட்டார். உபதேசியாருக்கு இது பிடிக்காது.

"கர்த்தரைப் பாடுத வாயி புழுதி திங்கலாமாடே?"

"ரெண்டுக்கும் மூச்சு ஒண்ணுதானேய்யா" என்று சிரித்துத் தப்பிப்பார்.

அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது நடந்த மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. காலையில் கூடை தூக்கிப் போன பெண் சாயங்காலம் பிணமாகக் கிடந்தாள். அந்த வாரத்துக்குள் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையிலேயே ஐந்து சாவு. பலர் இரவோடு இரவாக மலையிறங்கி ஓடினார்கள். பிணம் தூக்க ஆளில்லை. அண்ணன் தம் சடுகுடுக் கூட்டாளிகளைக் கூப்பிட்டார். அவர்களில் பாதிப்பேர் மாடன் கோயில் கும்பிடுகிறவர்கள். எல்லாரும் சேர்ந்தே தூக்கினார்கள். குழிமேட்டில் நின்று அண்ணன் பாடுவார். "எங்க ஆத்தாளுக்கும் ஒரு பாட்டுப் படிங்கண்ணே" என்று மாடன் கோயில்காரர்களும் கேட்டார்கள்.

பிணம் தூக்கத் தொடங்கிய நாலாம் நாள், லயத்துக்குப் பின்னால் அண்ணன் குனிந்து வாந்தி எடுப்பதைப் பார்த்துவிட்டேன்.

"அண்ணே, உனக்கும் வந்துட்டா?"

"இல்லட்டி. இது பயம். பிணத்தத் தொட்டாலே இப்படித்தான் வருது. அம்மைட்ட சொல்லிராத."

"அப்பம் போவாதண்ணே."

"நான் நின்னுட்டா ஒருத்தனும் வரமாட்டான்."

மறுநாள் மத்தியானம் மேட்டில் கேட்ட பாட்டு பாதியில் நின்றது. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சற்று நேரத்தில் வாசலில் அண்ணன் குரல். குழிக்கரையில் கூட்டாளி மாடசாமி சுருண்டு விழ, மற்றவர்கள் சிதறி ஓடிவிட்டார்கள். அண்ணன் அவரை முதுகில் போட்டுத் தூக்கி வந்திருந்தார்.

"கதவத் தொறங்கம்மா. இவனுக்குச் சுடுதண்ணி வேணும்."

"தொறக்காதட்டி!" என்றார் அம்மா. அதைச் சொல்லத் தேவையே இல்லை. கதவில் முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றவள் நான்தான். வெளியே அண்ணன் இன்னொரு முறை கேட்கவில்லை. காலடிச் சத்தம் மெல்லப் போய்விட்டது.

காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டகையில் வைத்து மாடசாமியைப் பார்த்துக்கொண்டார். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைப் பாதிவழியில் வைத்துவிட்டு நான் ஓடி வந்துவிடுவேன். காலையில் கொட்டகையிலிருந்து ஒரு ஞானப்பாட்டு கேட்கும். உயிரோடு இருக்கிறேன் என்று எங்களுக்குச் சொல்லத்தான் அது.

கொட்டகைக்குப் போன ஆறாம் நாள் காலையில் பாட்டு இல்லை. அம்மா அடுப்பு மூட்டவில்லை. நான் வாசலைத் தாண்டத் துணியாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உச்சிவேளையில் ஒரு குரல் எழும்பிற்று. அண்ணனுடையது அல்ல. ராகமும் சேரவில்லை, வார்த்தைகளும் தப்பு. ஜெபக்கூடத்துப் படி மிதிக்காத மாடசாமி, குழிமேட்டில் கேட்டதை வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். பிறகு கத்தினார்: "அண்ணன் விழுந்துட்டாரு! மூச்சு இருக்கு! தண்ணி கொண்டாங்க!"

அம்மா கூப்பிடக் கூப்பிட, பானையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள்ளேயே ஓடினேன். அண்ணனின் கண்கள் குழி விழுந்திருந்தன. உதட்டில் தண்ணீர் விடும்போது பாதி கீழே சிந்தியது. மூன்று நாள் அங்கேயே இருந்தேன். அண்ணன் பிழைத்தார்.

அதன்பின் சடுகுடு ஆட உடம்பு இடம் தரவில்லை. பாடற்குழுவை மட்டும் கடைசிவரை நடத்தினார். நான் கதவை அடைத்து நின்றதை ஒருநாளும் அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

சென்ற ஆண்டு நெஞ்சுச்சளி கண்டு படுத்தபோது மருந்து தந்த தோட்டத்து டாக்டர் அவர்களுக்கும், வேலை விட்டதும் வந்து பாடிய பாடற்குழுவினருக்கும், கொட்டும் மழையில் கம்பத்திலிருந்து ஏறி வந்த உறவினர்களுக்கும், அண்ணியையும் பிள்ளைகளையும் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மாடசாமி குடும்பத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

கடைசி நாள் பிற்பகலில் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன்.

"பயமா இருக்காண்ணே?"

"இருக்குட்டி. எந்திரிச்சுப் போயிராத."

நான் போகவில்லை.

இப்படிக்கு,
தங்கை